பதினாலு நாள் மூச்சடக்கும் நெல்லு

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா வந்து படிங்க. நான் பொட்டி தட்டுறவன், தாவரவியல் படிச்சவன் இல்ல. தப்பு இருந்தா தலையில குட்டுங்க, திருத்திக்கறேன்.

போன தடவை ஊருக்குப் போனப்ப சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். காட்டுமன்னார்கோயில் பக்கம் அவருக்கு மூணு ஏக்கர் இருக்கு. திண்ணையில உக்காந்து வெத்தலை மடிச்சிக்கிட்டே, "ஏன்டா, தண்ணியில மூழ்கினாலும் அழுகாத சி.ஆர். நெல்லு ஒண்ணு வந்திருக்காமே. அது மரபணு மாத்துனதாம், வாட்ஸப்புல போட்டிருக்கான். அப்படின்னா எனக்கு வேணாம். நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல பாக்குறியே, பாத்து சொல்லு"ன்னார்.

பாத்து சொல்றேன் சித்தப்பான்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சு நிமிஷ வேலைன்னு நெனச்சேன். மூணு ராத்திரி தூக்கம் போச்சு. கடைசியில எனக்குக் கிடைச்சது அவர் கேட்ட கேள்விக்கான பதில் மட்டும் இல்ல, அவர் கேக்காம விட்ட வேற ஒரு கேள்வியும்தான். இந்தப் பதிவு அதுக்காக.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015 நவம்பர். நான் அப்ப சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்சிக்கிட்டு ஹாஸ்டல்ல இருந்தேன். அந்த வருஷம் தீபாவளி 10ஆம் தேதி. 9ஆம் தேதி கடலூர் மாவட்டத்துல கொட்டின மழையை நேர்ல பாத்தவங்க மறந்திருக்க மாட்டாங்க. பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்துல வெள்ளம் உயிர்களையே அடிச்சிட்டுப் போச்சு. டிசம்பர்ல சென்னை மூழ்கின பிறகுதான் தமிழ்நாட்டுல வெள்ளம்னே டிவிக்காரங்களுக்குத் தெரிஞ்சுது. எங்களுக்கு அது ரெண்டாவது ரவுண்டு. சரி, அந்தப் புலம்பல் இப்ப வேணாம்.

சித்தப்பா அக்டோபர்ல சம்பா நட்டிருந்தார். நட்டு ஒரு மாசம் கூட ஆகல. வீராணம் ஏரி நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில தண்ணி திறந்தா, பள்ளத்துல இருக்கற எங்க வயலுக்குத்தான் முதல் மரியாதை. பதினோரு நாள் பயிர் தண்ணிக்கு அடியில. மேல ஒரு நுனி கூட தெரியல. வடிஞ்சதுக்கு அப்புறம் நானும் போய்ப் பாத்தேன். அதிசயம் என்னன்னா, பயிர் அழுகிப் போயிருக்கும்னு நெனச்சா, அது நல்லா நீளமா வளந்திருந்தது! வழக்கத்தை விட உயரம். ஆனா வெளுத்துப்போய், நூல் மாதிரி மெலிஞ்சு, நிக்க தெம்பில்லாம சேத்துல படுத்துக் கிடந்தது. நாலு நாள் வெயில் அடிச்சதும் மொத்தமும் வைக்கோல் கலர். "சாகறதுக்கு முன்னாடி எதுக்குடா இப்படி வளந்துச்சு?"ன்னு சித்தப்பா கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கு.

அந்தக் கேள்விக்கு பதில் இவ்வளவு வருஷம் கழிச்சு இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.

நெல்லுக்கு ஏறக்குறைய நாப்பதாயிரம் ஜீன் இருக்கு. (நெல்லோட மொத்த ஜீனோமையும் 2005ல படிச்சு முடிச்ச சர்வதேசக் குழுவுல இந்தியாவும் இருந்துச்சு. 11ஆவது குரோமோசோம்ல நம்ம ஆளுங்க வேலை பாத்தாங்க.) ஆனா ஒரு செல்லுல எல்லா ஜீனும் ஒரே நேரத்துல ஓடாது. நம்ம பாஷையில சொன்னா, கோட் எல்லாம் டிஸ்க்ல கிடக்கு, எந்த ஃபங்ஷனை எப்ப கூப்பிடணும்ங்கறதுதான் விஷயம். கூப்பிடற வேலையைச் செய்யற புரோட்டீன்களுக்கு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. தமிழ்ப் பாடபுத்தகத்துல படியெடுத்தல் காரணின்னு இருக்கும். ஜீனுக்குப் பக்கத்துல இருக்கற ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் போய் ஒட்டிக்கும். ஒட்டினா அந்த ஜீனோட படியெடுப்பு கூடும், இல்லைன்னா குறையும். சுவிட்சுன்னு சொல்றத விட ரேடியோவுல சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற திருகுன்னு சொல்றது சரியா இருக்கும். ஒரே ஃபேக்டர் நூத்துக்கணக்கான திருகுல கை வைக்கும்ங்கறதுதான் இதுல வேடிக்கை.

இந்த ஃபேக்டர்கள் குடும்பம் குடும்பமா இருக்கும். நம்ம நெல்லு சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு பேரு ஈ.ஆர்.எஃப். எத்திலீன்ங்கற வாயுவுக்கு பதில் சொல்ற குடும்பம். வாழைத்தாரைப் புகை போட்டு பழுக்க வெப்போம்ல, அந்தப் புகையில வேலை பாக்கறது எத்திலீன்தான். நெல்லுல இந்தக் குடும்பத்துல மட்டும் சுமார் 140 பேர். எல்லாருக்கும் ஒரே முகஜாடை: டி.என்.ஏ.வைப் பிடிச்சுக்கற பகுதி, ஏறக்குறைய 60 அமினோ அமிலம், எல்லார்கிட்டயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மீதி உடம்பு ஆளுக்கு ஆள் வேற. ஜாவா தெரிஞ்சவங்களுக்கு: ஒரே பேஸ் கிளாஸ், 140 சப் கிளாஸ். யாரு எதை ஓவர்ரைடு பண்ணி வெச்சிருக்கான்னு பாத்தாதான் தெரியும்.

இப்ப வயலுக்கு வருவோம். பயிர் மூழ்கினா என்ன நடக்குது? செடி எப்பவுமே கொஞ்சம் எத்திலீன் விட்டுக்கிட்டே இருக்கும். அது காத்துல போயிடும். தண்ணிக்குள்ள வாயு பரவற வேகம் காத்துல இருக்கறதை விட பத்தாயிரம் மடங்கு கம்மி. அதனால எத்திலீன் செடிக்குள்ளயே தேங்கிடும். எத்திலீன் தேங்குதுன்னா "நாம மூழ்கிட்டோம்"னு அர்த்தம். சென்சார் மாதிரி. சாதாரண நெல்லு இதைப் பாத்ததும் ஜிப்ரெல்லின்ங்கற வளர்ச்சி ஹார்மோனோட வேலையை முடுக்கி விடும். "மேல போ, மேல போ, தலையை வெளிய நீட்டு"ன்னு. கையில இருக்கற மாவுச்சத்து, சர்க்கரை எல்லாத்தையும் எரிச்சு நீளும். ரெண்டு மூணு நாள்ல தலை வெளிய வந்துட்டா பிழைச்சுக்கும். வரலைன்னா? சேமிப்பு காலி. தண்ணி வடியும்போது நிக்கக்கூட காசு இல்ல. எங்க வயல்ல சேத்துல படுத்துக் கிடந்தது அதுதான். சித்தப்பா பயிர் மூச்சு முட்டி மட்டும் சாகல, பதட்டத்துல செலவு பண்ணியும் செத்துச்சு.

சப்1ஏ ஜீனைப் பத்தி 2006ல நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. கெனாங் ஷூ, பமேலா ரொனால்ட், டேவிட் மெக்கில் இன்னும் பலர் சேர்ந்து பண்ணின வேலை. நெல்லோட 9ஆவது குரோமோசோம்ல பக்கத்து பக்கத்துல சப்1ஏ, சப்1பி, சப்1சின்னு மூணு ஜீன். மூணுமே அந்த ஈ.ஆர்.எஃப். குடும்பம். பியும் சியும் எல்லா நெல்லுலயும் இருக்கு. ஏ மட்டும் சில ரகத்துல கிடையவே கிடையாது, சில ரகத்துல கொஞ்சம் வேற வடிவத்துல இருக்கு. வெள்ளத்தைத் தாங்கற ரகத்துல சரியான வடிவம் இருக்கு, எத்திலீன் ஏறினதும் உரக்கப் பேச ஆரம்பிக்கும்.

அது என்ன பேசுது தெரியுமா? "சும்மா இரு." அவ்வளவுதான்! ஜிப்ரெல்லினுக்கு பிரேக் போடற ரெண்டு புரோட்டீனை செல்லுல ஏத்திவிடும். நீளறது நின்னுடும். மாவுச்சத்து எரியறது குறையும். இலையில பச்சையம் சீக்கிரம் அழியாது. செடி அடியில குள்ளமா, மூச்சடக்கிக்கிட்டு உக்காந்திருக்கும். தண்ணி வடிஞ்சதும் மிச்சம் வெச்ச காசுல புதுசா குருத்து விட்டு தூர் கட்டும். சர்வர்ல லோடு எகிறும்போது முக்கியமில்லாத ஜாபை எல்லாம் கொன்னுட்டு, உயிர் நாடியை மட்டும் ஓட விடுவோமே, அதே வேலை. ஆன் கால்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பதட்டத்துல எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணி டேட்டாபேஸையே கவுத்தவன் என்ற முறையில சப்1ஏ மேல எனக்கு தனி மரியாதை :-)

இதுல என்னைத் தூக்கி வாரிப் போட்ட விஷயம் அடுத்தது. 2009ல ஜப்பான்காரங்க இன்னொரு கட்டுரை போட்டாங்க. வங்கதேசத்துப் பக்கம் ஆழமான வெள்ளத்துல வளர்ற நெல்லு இருக்கு. தண்ணி ஏற ஏற அதுவும் ஏறும், ஒரு நாளைக்கு 20, 25 சென்டிமீட்டர் கூட. அதுக்குக் காரணமான ஜீன் ரெண்டு, 12ஆவது குரோமோசோம்ல. பேரு ஸ்நார்க்கெல் 1, ஸ்நார்க்கெல் 2. கடல்ல முங்கு நீச்சல் அடிக்கறவங்க வாயில வெச்சுக்கற குழாய் பேரு. அந்த ரெண்டும் யாருன்னு பாத்தா, அதே ஈ.ஆர்.எஃப். குடும்பம். குடும்பத்துக்குள்ளயும் அதே கிளை. அதே எத்திலீன் வந்து கதவைத் தட்டுது. அண்ணன் "அசையாம இரு"ங்கறான், தம்பி "ஓடு"ங்கறான். ரெண்டு பேரும் சரி! பத்து நாள்ல வடியற வெள்ளத்துக்கு அண்ணன் சரி. மூணு மாசம் நிக்கற வெள்ளத்துக்கு தம்பி சரி. இடம் மாறிச்சுன்னா ரெண்டு பேருமே பயிரைக் கொன்னுடுவாங்க.

வெள்ளம்ங்கறது ஒண்ணு இல்லைங்க. இது நெல்லுக்கு தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல.

சித்தப்பாவோட கேள்விக்கு வர்றேன். மரபணு மாத்துனதா? இல்ல. இந்த ஜீன் வந்தது எஃப்.ஆர். 13ஏங்கற நெல்லுல இருந்து. அது ஒடிசாவோட தால்புட்டியாங்கற நாட்டு ரகத்துல இருந்து பொறுக்கி எடுத்தது. அந்த ஊர் விவசாயிங்க தலைமுறை தலைமுறையா வெச்சிருந்த விதை. ஆனா மகசூல் கம்மி, சோறும் சுமார். பழைய முறையில ஒட்டுப் போட்டா வெள்ளம் தாங்கற குணத்தோட வேண்டாத குணமும் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. ஜீன் இருக்கற இடம் தெரிஞ்ச பிறகு வேலை சுலபமாச்சு. மகரந்தம் எடுத்து சாதாரணமா ஒட்டுப் போடுவாங்க, பிறக்கற பயிர்ல சப்1ஏ இருக்கான்னு டி.என்.ஏ.வைப் பாத்து, இருக்கறதை மட்டும் எடுத்து திரும்பத் திரும்ப பழைய ரகத்தோடயே ஒட்டுவாங்க. கடைசியில பழைய ரகம் அப்படியே இருக்கும், அந்தத் துண்டு மட்டும் புதுசா வந்திருக்கும். ஸ்வர்ணாவுல இப்படிப் பண்ணினது ஸ்வர்ணா-சப்1, 2009ல இந்தியாவுல வெளியிட்டாங்க. நம்ம பொன்மணி, அதாங்க நீங்க இட்லிக்குப் போடற குண்டு அரிசி, சி.ஆர். 1009. அதுலயும் பண்ணி, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சி.ஆர். 1009 சப்1னு கொடுத்தாங்க. வீரிய ஒட்டு ரகமும் இல்ல. அறுத்த நெல்லுல இருந்து விதை எடுத்து வெச்சுக்கலாம்.

போன்ல இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு நிம்மதி. எனக்கு இல்ல.

ஏன்னா நம்ம வலைப்பதிவு உலகத்துலயும் சரி, ஊர் டீக்கடையிலயும் சரி, சண்டை எப்பவும் இந்த ஒரே கேள்வியில நின்னுடுது. ஒரு பக்கம் "நாட்டு விதை மட்டும் போதும், விஞ்ஞானி எல்லாம் கம்பெனி கைக்கூலி". இன்னொரு பக்கம் "பாரம்பரியம்னு பேசறவன் எல்லாம் பத்தாம்பசலி". சப்1 கதையைப் பாருங்க. ஒடிசா விவசாயி காப்பாத்தி வைக்கலைன்னா விஞ்ஞானிக்கு ஜீனே கிடைச்சிருக்காது. விஞ்ஞானி தேடிப் பிடிக்கலைன்னா அந்த குணம் ஒரு ஓரத்துல மகசூல் கம்மியான நெல்லுக்குள்ளயே கிடந்திருக்கும். நெல் ஜெயராமன் ஐயா (2018ல மறைஞ்சார்) ஊர் ஊரா அலைஞ்சு விதை சேத்தாரே, அதை வெறும் பழம்பெருமைன்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுல எத்தனை ஸ்நார்க்கெல், எத்தனை சப்1 ஒளிஞ்சிருக்கோ. மடுமுழுங்கின்னு ஒரு நெல்லு நம்ம பக்கம் உண்டு. பேரைக் கேளுங்க, மடுவையே முழுங்குமாம். அந்தப் பேர் வெச்ச பாட்டனுக்கு எத்திலீன் தெரியாது, எந்த நெல்லு எந்தப் பள்ளத்துக்குன்னு தெரிஞ்சிருந்துது. பிச்சாவரத்துல படகுல போய் செல்ஃபி எடுக்கறோமே, அந்தக் காட்டுல இருக்கற வெண்கண்டல் மரமும் இதே கதைதான். உப்புத் தண்ணியில நின்னு பிழைக்கற மரம். அந்த இனத்துல இருந்து என்.ஏ.சி.ங்கற வேற ஒரு படியெடுத்தல் காரணிக் குடும்பத்து ஜீனை சென்னையில எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பிரிச்செடுத்து 2008ல எழுதினாங்க. அதைப் பத்தி தனியா ஒரு பதிவு போடணும்.

இப்ப சித்தப்பா கேக்காத கேள்வி. "என் வயல்ல தண்ணி எத்தனை நாள் நிக்கும்?"

சப்1ஏ வாங்கித் தர்றது ஏறக்குறைய பதினாலு நாள். ரெண்டு வாரம். அவ்வளவுதான் அதோட பர்ஸ். மூணு வாரம் முழுசா மூழ்கினா அதுவும் செத்துடும். பாதி உயரத்துக்கு தண்ணி மாசக்கணக்குல நின்னாலும் ஆகாது. நீள மாட்டேன்னு அடம் பிடிக்கற பயிர் அங்க திணறும். விதை முளைக்கற நேரத்துல மூழ்கறதுக்கும், பூக்கற நேரத்துல மூழ்கறதுக்கும் இது மருந்து இல்ல. நட்டுப் பிடிச்ச இளம் பயிரு மூழ்கினாதான் இந்த வித்தை பலிக்கும். "வெள்ளத்தைத் தாங்கும் ரகம்"னு ஒரே வரியில சொல்லிட்டு இதையெல்லாம் சொல்லாம விடறது, டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷனை பொடி எழுத்துல போடற வேலை.

பதினாலு நாள்ல தண்ணி வடியணும்னா வடிகால் வேணும். கொள்ளிடம், வெள்ளாறு, பரவனாறு, கெடிலம், தென்பெண்ணை எல்லாம் கடலூர் மாவட்டத்துலதான் கடல்ல சேருது. எங்கயோ பெய்யற மழைக்கும் நாமதான் வடிகால். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் சாத்தனூர் அணையில திறந்த தண்ணி கடலூருக்குள்ள வந்தப்ப, எங்க வீட்டு கூடத்துல முழங்கால் அளவு நின்னுச்சு. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை, கோரை, மண்மேடு. 2015ல எங்க வயல்ல நின்ன பதினோரு நாள்ல பாதி மழையோட நாள், பாதி அடைச்ச வாய்க்காலோட நாள். ஓடையை ஒழுங்கா தூர்வாரி இருந்தா அஞ்சு நாள்ல வடிஞ்சிருக்கும்னு சித்தப்பா இன்னிக்கும் சொல்வார். அஞ்சு நாள்னா சாதாரண சி.ஆர். நெல்லே கொஞ்சம் தேறியிருக்கும். ஜீன் அதோட பாதி வேலையைச் செஞ்சிடுச்சு. மீதி பாதி ஜே.சி.பி. டிரைவர் கையில இருக்கு. "புது ரகம் வந்துடுச்சுல்ல"ன்னு சொல்லி வாய்க்கால் வேலையைத் தள்ளிப் போட ஒரு சாக்கு கிடைச்சிடுமோங்கறதுதான் என் பயம்.

இன்னொண்ணு. எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன், எழுதிடறேன். எந்த ஊர்லயும் பள்ளத்து நிலம் யார் கையில இருக்கு? மேட்டு நிலம் யார் கையில இருக்கு? எங்க தாத்தா பள்ளத்தை வாங்கினதே விலை மலிவுன்னுதான். எங்க வயலுக்கும் கீழ, ஓடையை ஒட்டி இருக்கற நிலத்துல பயிர் வைக்கறவங்க எல்லாம் காலனிக்காரங்க, பாதி பேர் குத்தகை. 2013ல ஒடிசாவுல பண்ணின ஒரு ஆய்வு இதையே சொல்லுது. ஸ்வர்ணா-சப்1 ஏழுல இருந்து பதினாலு நாள் மூழ்கின வயல்ல நல்ல மகசூல் கொடுத்துச்சு, மூழ்காத வயல்ல எந்த நஷ்டமும் இல்ல. தாழ்ந்த நிலம் பட்டியல் சாதி விவசாயிங்க கையில அதிகமா இருந்ததால இந்த விதையால அதிக லாபம் அவங்களுக்குத்தான்னு கணக்கு போட்டுக் காட்டினாங்க. அப்ப விதை முதல்ல யாருக்குப் போகணும்? டிப்போவுல "முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல"ன்னு கொடுத்தா பைக் வெச்சிருக்கறவன் வாங்கிட்டுப் போவான். அவன் வயல் மேட்டுல இருக்கும். வெள்ளம் வர்ற வரைபடத்தைப் பாத்து, பள்ளத்துல இருந்து மேல மேல கொடுத்துட்டு வந்தா என்ன? ரொம்ப பெரிய சாஃப்ட்வேர் எல்லாம் வேணாம். ஒரு எக்செல் ஷீட் போதும், நானே போட்டுத் தர்றேன்.

சித்தப்பா கடைசியில என்ன முடிவு பண்ணினார்னு கேப்பீங்க. மூணு ஏக்கர்ல அடிப்பள்ளத்து ஒரு ஏக்கர்ல மட்டும் சப்1. மீதி ரெண்டுல வழக்கமா போடறது. "எல்லாத்தையும் ஒரே முட்டாள்கிட்ட ஒப்படைக்கக் கூடாதுடா, உன் ஜீனா இருந்தாலும் சரி"ன்னார். மடுமுழுங்கியும் ரெண்டு மரக்கா கிடைச்சா ஓடை ஓரமா போட்டுப் பாக்கறேங்கறார். நானும் அவரும் சேர்ந்து ஒரு நோட்டு வாங்கியிருக்கோம். தண்ணி ஏறின தேதி, வடிஞ்ச தேதி, பயிரோட வயசு, மூணு மட்டும் எழுதப் போறோம்.

டிப்போவுல கேட்டதுக்கு வந்ததும் தீந்துடுச்சுன்னுட்டாங்க. குமராட்சி பக்கம் ஒருத்தர் போன வருஷம் போட்டு விதைக்கு எடுத்து வெச்சிருந்தார், அவர்கிட்ட இருபது கிலோ கிடைச்சிருக்கு. இன்னும் ஒரு பத்து கிலோ வேணும். நாத்து விட நாள் நெருங்குது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், சீர்காழி பக்கம் இருக்கற பதிவர்கள் யாருக்காவது சி.ஆர். 1009 சப்1 விதை, இல்ல மடுமுழுங்கி, எங்க கிடைக்கும்னு தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. பஸ் ஏறி வந்து நானே வாங்கிக்கறேன்.